ஒற்றைக்குழல் மூடும் சத்தம்

அப்பாவின் உடல் கூடத்தில் கிடந்தது. சவப்பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா என் தோளில் கை போட்டு வாசல் கூடாரத்துக்கு வெளியே அழைத்துப் போனார். எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்று கேட்கப்போகிறார் என நினைத்து, அவர் வாய் திறப்பதற்கு முன்பே, "நாலு மணிக்கு மாமா" என்றேன்.

"அது கெடக்கட்டும். அப்பாவோட செனாப்பாங் எங்க?"

எங்கள் பக்கத்தில் துப்பாக்கியை செனாப்பாங் என்றுதான் சொல்வோம். அழுது வீங்கிய கண்களோடு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முழிக்காதடா. பூட்டி இருக்கா?"

"இரும்புப் பெட்டிக்குள்ளதான் இருக்கு மாமா."

"சாவி?"

சாவி அப்பாவிடம் இருந்தது. அவருடைய அரைஞாண் கயிற்றில், வேட்டிக்கு உள்ளே, எப்போதும் இருக்கும் இடத்தில். கொஞ்ச நேரம் கழித்துக் குளிப்பாட்டும்போது, வழக்கப்படி அந்தக் கயிற்றை அறுத்தார்கள். கயிறு மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஈரச் சாவியை அண்ணன் எடுத்துத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கூட்டத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார். நானும் கவனித்தேன்.

எங்கள் வீடு கிள்ளானிலிருந்து பந்திங் போகும் பெரிய சாலையை விட்டு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். பண்டமாரானில் வாடகை வீட்டில் இருந்து, மிச்சம் பிடித்து, இந்தத் துண்டு நிலத்தை வாங்கி, கடைசிக் காலத்தில் இங்கேயே வந்துவிட்டார். பழைய மரங்களை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. முழங்கால் உயரக் கன்றுகள். செம்பனைக் கன்றின் குருத்து காட்டுப்பன்றிக்கு அல்வா மாதிரி. ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தால் விடிவதற்குள் வரிசை வரிசையாகப் பெயர்த்துப் போட்டுவிடும். அதற்காகத்தான் அப்பாவுக்கு ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருந்தது.

அந்த உரிமம் நிலத்துக்குக் கொடுத்ததல்ல, வீட்டுக்கும் கொடுத்ததல்ல, அப்பா என்கிற ஆளுக்குக் கொடுத்தது. ஆள் போனால் அதுவும் போய்விட்டது. துப்பாக்கியை உடனே போலீசில் ஒப்படைக்க வேண்டும். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். எனவே, அப்பாவின் மூச்சு நின்ற நிமிடத்திலிருந்து அந்த இரும்புப் பெட்டிக்குள் இருப்பது உரிமமில்லாத ஆயுதம் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெளிவாகத் தெரிந்திருந்தது. இந்த நாட்டில் அதற்குச் சிறை உண்டு, பிரம்படியும் உண்டு. சாவி அண்ணன் பையில் இருந்தது. துப்பாக்கி போனால் கன்றுகள் போகும். துப்பாக்கி இருந்தால் அண்ணன் போவான்.

அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பதினாறு முடியற வரைக்கும் அவரு பொருள் ஒன்னும் வாசப்படி தாண்டக்கூடாது."

"அது துப்பாக்கிம்மா."

"அவரு வேட்டியும் அங்கதான் இருக்கு. செருப்பும் அங்கதான் இருக்கு. எல்லாத்தையும் வச்சிப் படைக்கணும். அதையும் வச்சிதான் படைக்கணும். அதுக்கப்புறம் எவன்கிட்ட வேணா குடு."

அம்மாவிடம் சட்டம் பேசிப் பயனில்லை. எங்கள் சாதி சனத்தில் சாவு வீட்டிலிருந்து ஒரு ஊசியைக்கூடக் கடன் கொடுக்க மாட்டார்கள். போன உயிர் பதினாறு நாளும் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், தன் பொருளைத் தேடும், காணாவிட்டால் கலங்கும் என்று நம்புகிறவர்கள். நான் நம்புகிறேனா என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த பிறகு, கூடாரத்தின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு மாமாவும் ஒரு சீன அங்கிளும் உட்கார்ந்திருந்தார்கள். சீன அங்கிளுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் தோட்டம். சின்ன வயதில் எஸ்டேட்டில் கடை வைத்திருந்த குடும்பம், அதனால் தமிழ் நன்றாகவே பேசுவார், ஒருமையில் மட்டும். இருவர் வீட்டிலும் அப்பாவிடம் இருந்தது போலவே ஒவ்வொரு துப்பாக்கி. மூவரும் வருடா வருடம் சொல்லிவைத்து ஒரே நாளில் உரிமம் புதுப்பிக்கப் போவார்கள்.

"குடுத்துடு லா," என்றார் சீன அங்கிள் என்னிடம். "சீக்கிரம் குடு."

"குடுத்தா திரும்ப வருமா டவுக்கே?" என்றார் மாமா. சீன முதலாளிகளை டவுக்கே என்போம்.

"வராது."

"அப்புறம் என்னாத்துக்கு அவசரம்?"

"இவன் குடுக்கலன்னா நம்பளதும் போவும். லைசென் இல்லாம ஒரு வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சா போலீஸ்காரன் எல்லா வீட்டுக்கும் வருவான். இப்பவே புதுசா யாருக்கும் கெடைக்கறது இல்ல. அடுத்து என்னா சொல்வான் தெரியுமா? எல்லாத்தையும் ஸ்டேசன்ல கொண்டாந்து வை, பன்னி வந்தா வந்து எடுத்துட்டுப் போன்னு சொல்வான்."

"சரிதான். பன்னிகிட்டச் சொல்லி வைக்கறேன். இன்னிக்குப் பொது விடுமுறை, நாளைக்கு எட்டு மணிக்கு மேல வா தாயின்னு."

சீன அங்கிள் சிரித்தார். சாவு வீடு என்று ஞாபகம் வந்து வாயைத் துடைத்துக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை.

"சின்ன நிலக்காரனுக்கு இனிமே கெடையாதுன்னு பேசிக்கறாங்க. என் நிலம் நாளைக்கு ரெண்டு பிள்ளைங்களுக்கும் பிரிஞ்சா, ரெண்டும் சின்ன நிலம். அவனுங்க கைய கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்." என் பக்கம் குனிந்தார். "ஒன்னு பண்ணலாம் தம்பி. ஆத்துல விழுந்துடிச்சின்னு சொல்லிடு."

"தொலைச்சா அதுக்குத் தனி கேசு," என்றார் சீன அங்கிள். "பையன் லாயரு. அவன்கிட்டப் போயி இதச் சொல்ற."

அவர்கள் இருவரும் கெட்டவர்கள் இல்லை. நகரத்தில் என்னோடு வேலை செய்தவர்களிடம் பின்னாளில் இதைச் சொன்னபோது, துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் என்றாலே ஒருமாதிரி பார்த்தார்கள். எனக்கே அந்தப் பார்வை உண்டு. கிள்ளானில் வளர்ந்தவன் நான். சாப்பாட்டுக் கடை வாசலில் சுடப்பட்டு இறந்த ஒருவனைத் தெரியும், அண்ணனோடு ஒன்றாகப் படித்தவன். துப்பாக்கி எளிதாகக் கிடைக்கக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் கணக்கும் இருக்க வேண்டும் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு கிழவர்களின் பயத்தையும் நான் வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்திருக்கிறேன்.

அப்பா எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் கிடையாது. மீசை நரைக்கத் தொடங்கும் வரைக்கும் சிவப்பு அடையாள அட்டைதான், இங்கேயே பிறந்தும் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சொல்லும் அட்டை. எத்தனையோ முறை அலைந்து, குடிமகனுக்குரிய நீல அட்டை வாங்கினார். அது கிடைத்தபோது அவர் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை என்று அம்மா சொல்வாள். "எனக்குச் சேர வேண்டியதத்தானே குடுத்தான்" என்றாராம். துப்பாக்கி உரிமம் கிடைத்த அன்றைக்குத்தான் இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வந்தாராம். "அம்மா பேரு, அப்பன் பேரு விசாரிச்சான், அக்கம்பக்கம் விசாரிச்சான், என்னைய நம்பிக் கையில குடுத்திருக்கான்டி" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாராம்.

அதனால்தான் புதுப்பிக்கப் போகும் நாளை அவர் பரீட்சை போல எண்ணினார். முதல் நாளே துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். காலையில் வெள்ளைச் சட்டை போடுவார். பழைய கைலியில் சுற்றி, தூண்டில் பையில் நுழைத்து எடுத்துக்கொள்வார். நான் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் விடுமுறையாக இருந்தால் என்னையும் கூட்டிப்போவார். அவருக்கு மலாய் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. வழியில் படிவத்தை என் கையில் கொடுத்துக் கேட்பார்: "இந்த வருசம் புதுசா என்னா வரி சேர்த்திருக்கான், பாரு." புதிதாக ஒன்றும் இல்லையப்பா என்பேன். "நல்லாப் பாரு" என்பார். ஏதோ ஒரு வருடம் ஏதோ ஒரு புது வரி வந்து, நீ அவ்வளவு நம்பத்தக்க ஆள் இல்லை என்று சொல்லிவிடும் என்று அவர் கடைசி வரை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரவில்லை. அது அண்ணனுக்கு வந்தது. அண்ணன் இரண்டு முறை தன் பெயரில் உரிமம் கேட்டு எழுதிப் போட்டான். முதல் முறை இல்லை என்று பதில் வந்தது, இரண்டாம் முறை பதிலே வரவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் தானாக நினைத்துக்கொண்ட காரணம் ஒன்று உண்டு. பதினெட்டு வயதில், அந்தச் சுடப்பட்ட கூட்டாளியின் சவ ஊர்வலத்தில் போய் நின்றான். ஊர்வலத்தில் இருந்த பையன்களை எல்லாம் குண்டர் கும்பல் என்று போலீசார் லோரியில் ஏற்றிக்கொண்டு போய், பெயர் எழுதி, கைரேகை எடுத்து, மறுநாள் விட்டார்கள். அவன்மேல் எந்த வழக்கும் இல்லை. "பொணத்துக்குப் பின்னால நடந்ததுதான்டா நான் செஞ்ச குத்தம்" என்பான்.

இப்போது அவனே அப்பாவின் பிணத்துக்கு முன்னால் கொள்ளிச்சட்டி தூக்கி நடந்து வந்திருந்தான்.

கூடாரத்துப் பேச்சு முடிந்ததும் அவனைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். நிலத்தின் ஓரத்தில் அப்பா உட்காரும் கவிழ்த்துப் போட்ட டிரம் அப்படியே இருந்தது. அதில் உட்காராமல் பக்கத்தில் நின்று பேசினோம்.

"நான் நாளைக்கே ஸ்டேசனுக்குப் போறேன்," என்றேன்.

"போயிட்டு? துக்க வீட்டுக்குள்ள பூட்ஸ் காலோட போலீஸக் கூட்டிட்டு வரப்போறியா? நல்லாப் படிக்க வச்சாருடா ஒன்னைய."

"சாவி உன் பையில இருக்கு. மாட்டினா நீதான்."

"யாருக்குத் தெரியும்?"

"மரணப் பதிவு நான்தான் செஞ்சேன். அப்பா போனது அவங்களுக்குத் தெரியும். துப்பாக்கி நம்பரும் அவங்ககிட்ட இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அவன் கன்றுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "இந்த நேரத்துக்குத்தான் வரும்," என்றான். "அப்பா செத்ததுலேர்ந்து ஒரு பன்னி வரல, கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை. அப்பா தினமும் அந்த நேரத்துக்குத் துப்பாக்கியோடு அந்த டிரம்மில் உட்காருவார். சுடுவது அபூர்வம். தோட்டாவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். குழலை மடித்துத் திறப்பார், மூடுவார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மறுபடி திறப்பார், மூடுவார். பன்றிகளுக்கு அந்தச் சத்தம் தெரியும், அது கேட்டால் நிலத்துக்குப் பின்னால் இருக்கும் சதுப்பின் ஓரத்திலேயே நின்றுவிடும் என்பார். நான் பிறகு யோசித்துப் பார்த்தபோது, துக்க வீட்டு விளக்கும் ஆள் நடமாட்டமும்தான் பன்றிகளைத் தடுத்திருக்கும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அண்ணன் பக்கத்தில் நின்றபோது அப்படித் தோன்றவில்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

இருவரும் திரும்பினோம். அண்ணனின் கை தன் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. சாவி பையில்தான் இருந்தது.

உள்ளே போனால், பெட்டி இருந்த அறையின் கதவருகே அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரும்புப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. "நேத்தும் இதே நேரந்தான்," என்றாள், மழை வந்தது என்று சொல்வது போல.

அந்த அறைச் சுவர் மேற்கே பார்த்தது. மத்தியானம் முழுக்க வெயில் அதில்தான் விழும். இரும்பு சூட்டில் விரிந்து, பொழுது சாய்ந்ததும் சுருங்கும். சுருங்கும்போது சத்தம் வரும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள். "அவரு இருந்தப்பவும் பெட்டி அதே சொவத்துலதானே இருந்துச்சு," என்றாள்.

அடுத்த நாள் முழுக்க, சந்தில் எந்த வண்டி மெதுவாகப் போனாலும் எழுந்து பார்த்தேன். எரிவாயு கொண்டுவருகிறவன் வந்தான். பெரியம்மா ஷா ஆலமிலிருந்து மகனோடு வந்தாள். வெள்ளை வேன் ஒன்று எங்கள் வாசலில் நின்றபோது செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கூடார வாடகைக்காரர், இன்னும் எத்தனை நாளைக்கு வேண்டும் என்று கேட்க வந்தவர். அண்ணன் நாற்காலியிலிருந்து அசையாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவனாகவே என்னிடம் வந்தான்.

"நீ எந்திரிச்சி எந்திரிச்சிப் பாக்கறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குடா," என்றான். "போயி கேட்டுட்டு வா. கேட்டுட்டு மட்டும் வா."

எங்கள் வட்டாரத்துப் போலீஸ் நிலையத்தில் உரிமங்களைப் பார்க்கிற சார்ஜன் வயதானவர், மலாய்க்காரர். அப்பாவை வருடா வருடம் பார்த்தவர். நான் இன்னார் மகன் என்றதும் எழுந்து கை கொடுத்தார். இறந்துவிட்டார் என்றதும் சற்று நேரம் கையை விடவில்லை. பிறகு கையை விட்டார், குரலும் மாறியது.

"எப்போது?"

சொன்னேன்.

"பிறகு ஏன் அது இன்னும் வீட்டில் இருக்கிறது?"

பதினாறாம் நாள் சடங்கைப் பற்றி எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் வழக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அந்தப் பொருளுக்கு வழக்கம் தெரியாது தம்பி, என்றார். நாளைக் காலையில் நீங்களாகக் கொண்டுவந்தால் ஒப்படைத்ததாக எழுதுவேன். நாங்கள் வந்து எடுத்தால் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். வழியில் எங்கேயும் நிறுத்தாமல் நேராக வாருங்கள்.

அம்மாவிடம் இதை அண்ணன்தான் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். கத்துவாள் என்று நினைத்தோம். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கலன்னா ஒன்னையப் புடிப்பானா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு லோரியில ஏத்துன மாதிரியா?"

அம்மா எழுந்து கொண்டையை முடிந்தாள்.

"அப்போ அதுக்கு இன்னிக்கே செஞ்சிடுவோம். பெட்டியத் தொற."

அப்பாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டாள். இலைமேல் துப்பாக்கியை வைத்தாள். குழலுக்குச் சந்தனம் பூசினாள், மரக்கட்டைக்கு விபூதி இட்டாள், மேலே குங்குமம். ஆயுத பூசையில் அப்பா அதற்கு எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தாள். அந்த நாட்களில் லோரி சாவியும் அரிவாளும் துப்பாக்கியும் என் சட்டப் புத்தகங்களும் ஒரே பலகையில் இருக்கும். இப்போது அது மட்டும் தனியாக இருந்தது. சூடம் காட்டினாள். எங்களைக் கும்பிடச் சொன்னாள். பிறகு, கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று எங்களை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் அது தயாராக இருந்தது. கைலியில் சுற்றவில்லை. அப்பா புதுப்பிக்கப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையில் சுற்றி, பட்டன்கள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தாள். தூண்டில் பையில் வைக்கச் சொன்னபோது வேண்டாம் என்றாள். அண்ணன் அதைப் பின்சீட்டில் படுக்க வைத்தான். நான் ஓட்டினேன். கிள்ளான் சாலையில் ஒரு இடத்தில் போலீஸ் சாலைத் தடுப்பு போல ஏதோ தெரிந்தது, குழாய் பதிக்கிறவர்கள். அதைத் தாண்டும் வரை அண்ணன் பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சார்ஜன் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். குழலில் பொறித்திருந்த எண்ணைச் சரிபார்க்கக் குனிந்தார். சந்தனம் காய்ந்து எண்ணை மூடியிருந்தது. ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். அவசரப்படாமல், முகம் துடைப்பது போலத் துடைத்தார். எண் தெரிந்தது. சரி என்றார். பிறகு, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கக் குழலை மடித்துத் திறந்து, மேசைப் பக்கமாகச் சாய்த்தார்.

குழலுக்குள்ளிருந்து அரிசி கொட்டியது.

பச்சரிசி. மஞ்சள் கலந்தது. மேசைமேல் சிதறி, அவருடைய பேனாவைச் சுற்றி விழுந்து, தரையிலும் கொஞ்சம் உருண்டது. பக்கத்து மேசையில் இருந்த இளம் போலீஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

எனக்கு உடனே புரிந்தது. நாலு மணிக்கு எடுப்பதற்கு முன், நானும் அண்ணனும் சொந்தக்காரர்களும் வரிசையில் வந்து அப்பாவின் வாயில் போட்ட அதே அரிசி. வாய்க்கரிசி. மூடிய அறையில் அம்மா அதற்கும் போட்டிருக்கிறாள்.

"இது என்ன?" என்று கேட்டார் சார்ஜன்.

அண்ணன்தான் சொன்னான். பள்ளிக்கூட மலாயில், தட்டுத்தடுமாறி. "இறந்தவங்களுக்குக் கொடுக்கிறது, துவான். பசியோட போகக்கூடாதுன்னு."

சார்ஜன் அரிசியைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். இளம் போலீஸ்காரர் சிரிக்க வாய் திறந்தார், சார்ஜன் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சார்ஜன் தன் உள்ளங்கையால் மேசையில் இருந்த அரிசியை ஒன்றுசேர்த்தார். "இதை எங்கே போட வேண்டும்? குப்பையில் போடலாமா, கூடாதா?"

அண்ணன் இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டான். தரையில் கிடந்ததையும் குனிந்து பொறுக்கினான்.

குழல் மூடியது. டக். இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு அதை எடுத்துப் போனார்கள். அப்பாவின் சட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணன் தன் பெயரில் கேட்டால் கிடைக்குமா என்று நான் விசாரித்தேன். எழுதிப் போடுங்கள், நான் மேலே அனுப்புகிறேன், ஆனால் இப்போதெல்லாம் மேலே அவ்வளவு எளிதில் சம்மதிப்பதில்லை என்றார் சார்ஜன். பன்றித் தொல்லை என்றால் வனவிலங்குத் துறையிடம் சொல்லலாம், வருவார்கள், என்றார். எப்போது வருவார்கள் என்று அண்ணன் கேட்டான். அதற்கு அவர், கன்றுகளைச் சுற்றிக் கம்பி வலை போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

திரும்பும்போது கிள்ளான் பாலத்தில் அண்ணன் வண்டியை மெதுவாக்கச் சொன்னான். கண்ணாடியை இறக்கி, சட்டைப் பையிலிருந்த அரிசியை ஆற்றுப் பக்கமாக வீசினான். காற்றில் பாதி உள்ளேயே திரும்பி வந்து விழுந்தது. அந்த வண்டியை விற்கும் வரைக்கும் சீட்டு இடுக்கில் ஒன்றிரண்டு மஞ்சள் அரிசி கிடந்தது. நானும் எடுத்துப் போடவில்லை.

மூன்றாவது முறையாக அண்ணன் எழுதிப் போட்டான். நான்தான் எழுதிக் கொடுத்தேன், எனக்குத் தெரிந்த சட்டம் எல்லாவற்றையும் அதில் வைத்து. இதை எழுதும் இன்று வரை பதில் இல்லை.

அன்றைக்குப் பிறகு அறையில் அந்தச் சத்தம் வரவில்லை. காலிப் பெட்டி அதே சுவரில், அதே வெயிலில்தான் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. இரும்பு சுருங்கினால் சத்தம் வர வேண்டுமே. விடுப்பு முடிந்து பிரிக்பீல்ட்ஸ் அறைக்குப் போன பிறகும், பொழுது சாயும் நேரத்தில் காது அதைத் தேடிக்கொண்டு நிற்கும். கீழே கடையின் இரும்புக் கதவைச் சாத்துவார்கள், ஏதேதோ சத்தங்கள் வரும். அது மட்டும் வராது.

பதினாறாம் நாளுக்காகத் திரும்பி வந்தேன். படையலில் அப்பாவின் வேட்டி, வெள்ளைச் சட்டை, அவர் குடிக்கும் ஸ்டௌட் பீர், சிகரெட் எல்லாம் இருந்தன. இலைகளுக்கு நடுவே ஒரு துப்பாக்கியின் நீளத்துக்கு அம்மா இடம் விட்டிருந்தாள். யாரும் அதைத் தாண்டிப் போகவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனார்கள். மாமாவும் சீன அங்கிளும் வந்திருந்தார்கள். இருவரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, சாப்பிட்டு முடிக்கும் வரை பன்றியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது மட்டும் மாமா அண்ணனின் தோளைத் தட்டி, "அடுத்த மாசம் எனக்குப் புதுப்பிக்கணும்டா" என்றார். ஆறுதல் சொல்வது போலவும் இருந்தது, ஆறுதல் கேட்பது போலவும் இருந்தது.

காக்கைக்கு வைத்த சோறு, அப்பாவின் டிரம்முக்குப் பக்கத்தில், இலையோடு அப்படியே கிடந்தது. காலையிலிருந்து ஒரு காக்கை தொடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. ஆட்கள் எல்லோரும் போய், கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, நாங்கள் மூவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாய்ந்தது.

சதுப்போரத்துச் செடி அசைந்தது. அது தனியாக வந்தது. பெரிய ஆண் பன்றி, கழுத்து மயிர் நரைத்தது. கன்று வரிசைகளுக்கு நடுவே, எதையும் தொடாமல், வழி தெரிந்த ஆள் மாதிரி நடந்து வந்து இலைக்கு முன்னால் நின்றது.

அண்ணன் எழுந்துவிட்டான். அவன் இடது கை முன்னால் நீண்டது, வலது கை தோளுக்குப் போனது. இரண்டு கைகளுக்கும் நடுவே ஒன்றும் இல்லை.

"விடுடா," என்றாள் அம்மா மெல்ல. "பசியோட வந்திருக்காரு."

அண்ணனுக்குத் தெரியும். இன்றைக்கு இது சோறு தின்னும், நாளைக்குத் தன் கூட்டத்தோடு குருத்துக்கு வரும். வந்தது. மறுநாள் காலையில் முதல் இரண்டு வரிசைகளும் வேரோடு கிடந்தன. ஆனால் அந்த நேரத்தில் அவன் கையை இறக்கினான். நாக்கை அண்ணத்தில் அழுத்தி, இழுத்து விட்டான்.

டக்.

பன்றி தலையைத் தூக்கியது. எங்களை, ஒவ்வொருவராக, நன்றாகப் பார்த்தது. பிறகு குனிந்து, தொடர்ந்து சாப்பிட்டது.